சுனை பார்க்கப் போன ட்ரோன்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தனகோட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. சான்றிதழுக்கு விண்ணப்பம் போட, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, எதற்கும் அவளிடம்தான் போவார்கள். சின்ன வயசிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவள். இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு சமதரையில் நடப்பாள்; மேடு என்றால் அவ்வளவுதான். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்துபோய் பிரிண்டரைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

மலைகளுக்கு நடுவே பிறந்து ஒரு மலையும் ஏறாதவள் அவள். கோட்டைமேல் அவளுக்கு ஆசை கிடையாது. அதைத்தான் ஊர்ப்பட்ட பேர் படம் எடுத்து ஃபோனில் போட்டிருக்கிறார்களே. அவள் ஆசையெல்லாம் சிங்கவரம் போகிற வழியில், அவள் குடியிருக்கிற தம்பி வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பேரில்லாத குன்றின்மேல். அதன் உச்சியில் ஒரு சுனை. கத்திரி வெயிலிலும் வற்றாதாம். ஆடு ஓட்டுகிறவர்கள் பார்த்தாயிற்று, தம்பி இளவழகன் குதித்துக் குளித்தாயிற்று. அவள் மட்டும் கீழே நின்று மற்றவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

அந்தக் குன்று கல் உடைக்க ஏலம் போய்விட்டது. ஏலம் எடுத்தவர்கள் வந்து அதன் தாளைக் கேட்டபோது, அவளேதான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். தை பிறந்ததும் வெடி வைப்பார்கள் என்று அதில்தான் தெரிந்துகொண்டாள். வெடி வைத்தால் முதலில் போவது உச்சிதான்.

"நாலு பேரக் கூப்புட்டு நாற்காலில வச்சித் தூக்கினு போறோம்கா," என்றான் இளவழகன்.

"நான் இன்னா உற்சவரா, தோள்ல வச்சி ஊர்வலம் வுடறதுக்கு?"

"அதான் போன தபா வீடியோ எடுத்தாந்தேனே."

"அதுல உன் மூஞ்சிதான்டா இருந்துது. சுனை உன் காதுக்குப் பின்னால கெடந்துது."

அவன் பெண்சாதி கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனகோட்டி சிரிக்கவில்லை. எங்கே பார்க்க நினைக்கிறாளோ அங்கே தானே திருப்பிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் தயவில் பார்க்கக் கூடாது. பிடிவாதக்காரி, நினைத்தால் நினைத்ததுதான்.

அப்படித்தான் ட்ரோன் பைத்தியம் பிடித்தது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எது நல்லது, எது மட்டம் என்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது போதாதென்று, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோ நெடுமாறனைப் பிடித்து, அவனிடம் இருந்த இரண்டையும் வேர்க்கடலை பிடுங்கி முடிந்த மல்லாட்டைக் கொல்லையில் பறக்கவிடச் சொன்னாள்.

சின்னது உள்ளங்கையில் அடங்கிவிடும். அரசாங்கப் பதிவு வேண்டாம். மார்கழிக் காற்றுக்கு அது ஆடிய ஆட்டத்தில் படமும் சேர்ந்து ஆடியது. பெரியது ஆணி அடித்த மாதிரி ஆகாயத்தில் நின்றது. சார்ஜும் கூடுதல் நேரம் தாங்கியது. அதற்கு முன்னால், பின்னால், பக்கவாட்டில், வயிற்றில் என்று சின்னச் சின்னக் கண்கள். எதிரில் பாறையோ மரமோ வந்தால் தானே நின்றுவிடும்.

"பழகறதுக்குச் சின்னதே போதும்கா," என்றான் நெடுமாறன். "வுழுந்தாலும் தொடச்சிட்டுத் திரும்ப வுடலாம். கண்ணு இல்லாததால நீயும் சாக்கிரதையா ஓட்டுவ."

"பழக எங்க நேரம் இருக்குது நெடு? காலுதான் இல்ல, கண்ணாவது இருக்கட்டும்."

"பதிவு பண்ணணுமே."

"ஊருக்கே நான்தான் பண்றேன். எனக்குப் பண்ணிக்க மாட்டனா?"

சேர்த்து வைத்ததெல்லாம் அதற்கே போயிற்று. பெரியதையே வாங்கினாள். கொல்லையில் ஓட்டிப் பழகினாள். மின்கம்பத்தை நோக்கி வேண்டுமென்றே விட்டுப் பார்த்தாள். கம்பத்துக்கு முன்னால் அது நின்றது. அன்றோடு பயம் போய்விட்டது.

குன்றுக்கு விடுகிற நாள் காலையில் கவிதா பிடித்துக்கொண்டாள். "பூஜ போடாம எந்த வண்டியனா வெளிய எடுப்பாங்களா அண்ணி?"

கற்பூரம் காட்டினாள், எலுமிச்சம்பழம் சுற்றினாள். பைக்குக்கு விளக்கில் பொட்டு வைப்போம், பஸ்ஸுக்குக் கண்ணாடியில் வைப்போம். அதே வழக்கத்தில், மோதிர விரலால் சந்தனம் குழைத்து, அந்தச் சின்னக் கண்கள் ஒவ்வொன்றுக்கும் வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். படம் எடுக்கிற கண்ணை மட்டும் தொடவில்லை. அது தெரியும் அவளுக்கு. தனகோட்டியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புது வண்டி என்றால் அப்படித்தானே இருக்கும்? அழகாக இருந்தது என்றுதான் நினைத்தாள்.

கொல்லையிலிருந்து கிளப்பியதும், படம் தெரிகிற ஃபோனின் மேல்பக்கம் இங்கிலீஷில் என்னவோ வந்தது. எதிர்வெயிலில் எழுத்து தெரியவில்லை.

"விளம்பரம் மாரி எதனா வந்துனேதான் இருக்கும்கா, தள்ளிவுடு," என்றான் இளவழகன்.

தள்ளிவிட்டாள். திரும்ப வந்தது. திரும்பத் தள்ளினாள். நாளெல்லாம் ஊராருக்குத் திரையைப் படித்துச் சொல்கிறவள், தனக்கு வந்ததைப் படிக்கவில்லை.

திரையில் பாறை கீழே இறங்கிக்கொண்டே போனது. பிளவில் முளைத்த இச்சி மரம் வந்தது, ஆட்டுத்தடம் வந்தது. விளிம்பு தாண்டியதும், தூரத்தில் தகடு மாதிரி ஒரு மினுக்கல்.

"தெரியுதுடா! தோ, தெரியுது!"

விரலை எடுக்காமல் முன்னுக்கே அழுத்தினாள். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு பாறை நின்றதைப் பார்த்தாள்தான். அது பார்த்துக்கொள்ளும், தானே நின்றுவிடும் என்றிருந்தாள். நிற்கவில்லை. வானம், பாறை, வானம் என்று படம் சுழன்று கறுத்துப்போனது.

இளவழகன் ஓடினான். குன்றைச் சுற்றிக் கம்பி வேலி வந்திருந்தது. குழி போட்டு வெடிமருந்து இறக்கியாயிற்று, ஒருத்தரும் ஏறக் கூடாது என்று காவலாள் தடுத்துவிட்டான். இவன் கெஞ்சியதும் சண்டை போட்டதும் எடுபடவில்லை. வெறும் கையோடு வந்து நின்றான்.

சாயந்திரம் நெடுமாறன் வந்து அவள் ஃபோனைப் பார்த்தான்.

"கண்ணு மறைஞ்சிக்கீது, தொடைன்னு அது சொல்லினே இருந்துக்கீதேக்கா. எதனா ஒட்டினு இருந்துதா?"

கவிதா டீத் தம்ளரோடு பக்கத்தில் நின்றாள். தனகோட்டிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்தக் கண்களில் காலையில் வைத்த சந்தனம்.

"ஒண்ணும் ஒட்டல. வெயில்ல நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

"பூஜ போட்டும் இப்டி ஆயிடிச்சே அண்ணி," என்று கவிதா அழுதாள்.

"உன் பூஜைக்கு இன்னாடி கொற? டீயக் குடு."

மறுநாள் பகலில் வெடி வைத்தார்கள். தனகோட்டி அன்று கடை திறக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கதவு அதிர்ந்தது. உச்சியிலிருந்து வெள்ளையாகப் புழுதி கிளம்பி வயலெல்லாம் படிந்தது. ஆள் முகம் தெரியாத அந்தப் புழுதியில் இளவழகன் வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"டேய், அந்தச் சுனை எப்டிடா இருந்துது?"

"தண்ணிதான்கா. பச்சையா இருந்துது."

"அடியில தரை தெரியுமா?"

அவன் தலையில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டான்.

"பாத்ததில்லக்கா."