கிடங்குக்குள் வைத்த மிருதங்கம்

வாழைக்குலைக்குப் புகை போடும்போது ஒரு தனி மணம் எழும். தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையும், வாடிய சருகும், பழுக்கத் தொடங்கும் காயின் இனிப்பும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். நீர்வேலியில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் ஐயா, அதாவது என் தகப்பனார், அதற்கென்று ஒரு குழி வெட்டியிருந்தார். 'கிடங்கு' என்போம். காய்க்குலைகளை உள்ளே அடுக்கி, சருகும் மண்ணும் போட்டு மூடி, பக்கத்து ஓட்டையால் புகையை ஊதிவிடுவார்.

எனக்குப் பத்து வயதான மாரியில், பதினெட்டு வயது அண்ணை கோயிலில் முதன்முதலாக மிருதங்கம் வாசிக்க இருந்தார். "உது தோட்டத்துக்குத் தண்ணி இறைக்குமோ?" என்று ஐயா அடிக்கடி கேட்பார். மழை ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை விழுந்துவிட்டதென்று அதற்கு முதல் நாள் முழுக்க அண்ணை புறுபுறுத்தபடி இருந்தார். உடுக்கு அடிக்கிறவர்கள் தோலை நெருப்பில் காட்டிச் சூடாக்குவதை நான் பார்த்திருந்தேன். வீட்டில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் கிடங்குதான். அண்ணை கிணற்றடிக்குப் போன நேரம் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய், மண்ணை விலக்கிக் குலைகளுக்கு நடுவில் வைத்து மூடினேன். அது தெரியாமல் ஐயா மறுபடி புகை போட்டார். வீடே தேடியபோது பயத்தில் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஐயா கிடங்கைத் திறந்தார். தோல் வெடித்துக் கிடந்தது.

"நீங்கள்தானே செய்தனீங்கள்!" என்று அண்ணை கத்தினார். ஐயா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "கிடங்கு என்ரைதானே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆண்டு அண்ணை வெளிநாடு போய்விட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டத்தில் இறங்கினேன். ஐயாவின் செத்தவீட்டுக்கும் அண்ணை வரவில்லை. மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

பல வருடங்கள் கழித்துப் போன மாதம்தான் அண்ணை வந்தார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், நின்றார். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, சொல்ல முடியாமல், கட்டிய பாத்தியையே திரும்பவும் கட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசி நாள் யாழ்ப்பாணத்தில் இசை அருங்காட்சியகம் ஒன்றுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தவில், நாதஸ்வரம் எல்லாவற்றையும் விரைவாகக் கடந்து, கண்ணாடிக்குள் இருந்த பழைய மிருதங்கத்தின் முன்னால் நின்றார்.

"அந்தாளின்ரை கண்ணிலை படாமல் தப்பியிருக்கு, கெட்டிக்கார மிருதங்கம்" என்று ஐயாவைச் சொல்லிச் சிரித்தார்.

நான் வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் போனேன்.

"என்னடா, முட்டையிடப் போற கோழி மாதிரித் திரியிறாய்?"

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இருந்தோம். அண்ணை நண்டுக் காலைக் கடித்துக்கொண்டு, "சாப்பிடன்ரா" என்றார். நான் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னேன்.

"அண்ணை, மிருதங்கத்தைக் கிடங்குக்குள்ளை வைச்சது நான். சூடாக்கத்தான் வைச்சனான். ஐயாவுக்குத் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்கேல்லை."

அவர் கை நின்றது. பக்கத்து மேசையில் யாரோ இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்கள்.

"ஏன்ரா இண்டைக்குச் சொல்லுறாய்? இன்னும் ஒரு மணித்தியாலத்திலை நான் பஸ் ஏறவேணும்."

"அதாலைதான் அண்ணை."

எழுந்துபோய் நெடுநேரம் கை கழுவினார். பஸ் நிலையத்துக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"ஐயாவின்ரை திவசம் எப்ப வாறது?"

"ஆவணியிலை, அண்ணை."

தலையாட்டிவிட்டு ஏறிவிட்டார்.

இப்போது வளவில் கிடங்கு இல்லை. அதைத் தூர்த்துத் தண்ணீர்த்தாங்கி கட்டிவிட்டோம். வியாபாரிகள் குலைகளைக் காயாகவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அண்ணையிடமிருந்து இன்னும் தொலைபேசி அழைப்பு வரவில்லை. திவசத்துக்கு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆவணிக்கு இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது. கோயில் ஐயரிடம் போய் நாள் சொல்லவேண்டும். நாலு தரம் சைக்கிளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். கிரியை செய்யப்போவது மூத்தவரோ இளையவரோ என்று அவர் கேட்பார்.