அக்கா தந்த சலங்கை

மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு சோடிச் சலங்கையை அக்கா என் மடியில் வைத்தபோது எனக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. பெரியம்மாவின் மகள். வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் அவர்கள் மூன்றாம் மாடி, நாங்கள் முதலாம் மாடி. "இதை நீ வைச்சிரு. எனக்கு இனித் தேவைப்படாது" என்றாள். பூசையில் வைத்து ஆசிரியை கையால் வாங்கிய சலங்கையை இன்னொருவர் காலில் கட்டக் கொடுப்பதில்லை. நடனம் பழகும் எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும், எனக்கும் நன்றாகத் தெரியும். இருந்தும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டு ஓடினேன். கீழ்வீட்டுக்காரர் கத்தும்வரை கட்டிக்கொண்டு குதித்தேன்.

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எடுத்ததும் பெரியம்மா அவளுடைய நடன வகுப்பை நிறுத்திவிட்டா. முதல் தடவை பெறுபேறு சரிவரவில்லை. கனடாவிலிருந்து மாமாமார் கூப்பிட்டுத் தங்கள் பிள்ளைகளின் புள்ளிகளைச் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். நல்ல ஆறுதல்! அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, நித்திரை கொள்வதில்லை, சிநேகிதிகள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. இத்தனையையும் பார்த்துவிட்டு, "பிள்ளை விழுந்து விழுந்து படிக்குது" என்று பெருமைப்பட்டோம்.

சலங்கை தந்த மூன்றாம் நாள் காலை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாக முயன்றிருந்தாள். மாடிப்படியில் வைத்து அம்மா காதுக்குள் சொன்னபோது அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுக்குத்து என்றோம், நானும் தடுமாறாமல் அந்தப் பொய்யைச் சொன்னேன். வீடு வந்தவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணம் திரும்ப வந்துவிடும் என்று பயந்தோம்.

பதினைந்து வருடம் கழித்து, பாமன்கடையில் அவள் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்: "சலங்கையை ஏன் தாறாய் எண்டு நீ கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டாய்." ஒரு காரணம் இல்லை, பலதும் சேர்ந்துதான் தன்னை அமுக்கியது, என்னில் பிழை இல்லை என்றும் அவளே சொன்னாள். எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அதன் பிறகு கேட்கிறேன். அவள் குரல் தொய்ந்திருந்தால், "அக்கா, சாகவேணும்போல இருக்கா?" என்று நேரடியாகவே கேட்டுவிடுவேன். "இல்லையடி, களைப்பு" என்பாள் பெரும்பாலும். போன மாரியில் ஒருநாள் மட்டும் "ஓம்" என்றாள். அன்று பின்னேரமே இருவரும் ஓட்டோ பிடித்துப் பொரளையில் ஒரு வைத்தியரிடம் போனோம். இப்போது தவறாமல் போய்வருகிறாள்.

போன கிழமை என் அலுமாரியிலிருந்து அந்த மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்து, "ஏன் தாறாய்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா. இது உன்ர சலங்கை."

கையை உடனே விடவில்லை. என் முகத்தை நெடுநேரம் பார்த்து, நம்பிக்கை வந்த பிறகுதான் துணியை அவிழ்த்தாள்.