திறந்து பார்க்காத மூடி

தில்லையடியில் யாராவது பழைய வேனோ த்ரீவீலோ வாங்கப் போனால் என் கணவர் பதுர்தீனைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் பக்கத்தில் நின்றால் விற்பவன் பொய்யைக் குறைத்துக்கொள்வான் என்று பேச்சு. அதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. பால் இல்லாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் தன்னுடைய வேனுக்கு ஒரு பழைய என்ஜின் வாங்கிய கதை இது.

அவர் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்கள் எங்களையெல்லாம் வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது அவர் சின்னப் பையன். வாப்பா முன்பே மவுத்தாகியிருந்தார். உம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாது. வள்ளம் கரைக்கு வர முடியாமல் இடுப்பளவு தண்ணீரில் நின்றதாம். பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர்தான் உம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார். இடம் போதாது என்று வள்ளக்காரன் கத்தியபோது தன் வீட்டுப் பெட்டியை இறக்கிக் கரையில் வைத்துவிட்டு உம்மாவை அந்த இடத்தில் இருத்தினார். அந்த மனிதரின் மகன் நெய்னார். கற்பிட்டியில் இறங்கும் வரை நெய்னாரும் இவரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் நனைந்தார்கள். கலியாணம் முடித்த முதல் வாரத்திலேயே இதை எனக்குச் சொல்லிவிட்டார். பிறகும் பல தடவை சொன்னார்.

அகதி முகாமில் வளர்ந்தார். உப்பளத்தில் மூட்டை தூக்கினார், உப்பு லொறியில் கிளீனராக ஏறினார், அதே லொறிக்கு டிரைவரானார். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். கரைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்து பகலில் கொண்டுபோய் விடுவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஸ்கூல் ஹயர் காசில்தான்.

எதை வாங்கப் போனாலும் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. அவர் கதைப்பார், நான் பார்ப்பேன். அவர் சிரிக்கச் சிரிக்கக் கதை கொடுப்பார். விற்பவனின் கண் அவரிலேயே இருக்கும். பின்னால் ஒரு ஓரத்தில் நிற்கும் பொம்பிளையை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆட்டின் வாயை யார் பொத்துகிறார்கள், அலுமாரியின் எந்தக் காலுக்குக் கீழே மட்டை வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதும் சரியில்லை என்றால் கிட்டப் போய், "எனக்குத் தலையிடிக்கிது" என்பேன். உடனே அவர், "இவக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, பொறகு வாரம்" என்று கிளம்பிவிடுவார். வழியில் இரண்டு பேரும் சிரிப்போம்.

அந்த டிசம்பரில் கற்பிட்டி வீதியில் வைத்து ரேடியேட்டர் குழாய் வெடித்தது. வேனில் கலியாண வீட்டு ஆட்கள் இருந்தார்கள். நடுவழியில் இறக்கிவிடக் கூடாது என்று கொஞ்சத் தூரம் ஓட்டியிருக்கிறார். என்ஜின் இறுகிப்போய் நின்றது. கராஜ் மெக்கானிக் பாஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது இனிச் சரிவராது நானா. வேற என்ஜின் ஒண்டு தேடுங்க" என்றார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும். பிள்ளைகளின் தாய்மார் சார்பில் சித்தி ஸுலைஹா என்பவர் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, கொறை நெனைக்க வேணாம். தொடங்குற அண்டைக்கு வேன் வரல்லயெண்டா நாங்க மத்த வேன்கார அத்தாஉல்லாட்ட கதைக்கத்தான் வேணும். அவரும் கேட்டுக்கொண்டுதான் இரிக்கிறார்."

"வரும் தாத்தா. அதுக்கு முந்தி வந்திரும்" என்றார் இவர். அக்காவை நாங்கள் தாத்தா என்போம்.

பஸ் ஏறி மாதம்பைக்குப் போனோம். அங்கே பழைய என்ஜின் விற்கும் யார்ட் ஒன்றைக் கராஜ் பாஸ் சொல்லியிருந்தார். முதலாளி ஒரு இளம் சிங்களவர், பாதித் தமிழ் கதைத்தார். இவர் முதல் என்ஜினைச் சுற்றி வந்து டிப் ஸ்டிக்கை இழுத்து ஒயிலை விரலில் தேய்த்து மணந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளே தேய்ந்துபோன என்ஜின் என்றால் அந்த வாயால் புகை தள்ளும். இதிலும் தள்ளியது.

முதலாளி சிரித்தார். "நானா, ஆஸ்பத்திரியில டொக்டர் கூட இப்பிடிப் பாக்கிறதில்ல."

"டொக்டர் பிழை விட்டா ஒராள்தான் போவார் மல்லி. எனக்கு வேன் நெறயப் புள்ளைகள்" என்றார் இவர், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு.

இரண்டாவது என்ஜின் ஒன்று இருந்தது. அழுக்குப் பிடித்துக் கிடந்தது, பெயின்ட் கூட அடிக்கவில்லை. மூடியைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. வேலையாட்களைப் பார்த்தேன், யாரும் யாரையும் பார்த்துக் கண் காட்டவில்லை. எனக்குத் தலையிடிக்கவில்லை.

"இண்டைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணியாச்சு. சூடாப் போச்சு, இனிப் பிழை இருந்தாலும் தெரியாது. நாளைக்குக் காலைல வாங்க, நீங்களே குளிர்ல ஸ்டார்ட் பண்ணிப் பாத்திட்டு எடுங்க" என்றார் அந்த முதலாளி.

"நாளைக்கு வாரம்" என்றார் இவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சிலாபம் தாண்டியதும் நெய்னாரின் அழைப்பு வந்தது. அவன் பாலாவியில் பழைய பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தான். கதைத்தது எனக்கும் கேட்டது.

"என்னடா மச்சான், மாதம்பையில போய் நிக்கிறியாம்? நான் மவுத்தாப் போயிட்டன் எண்டு நெனைச்சியா?"

"இல்லடா, உன்னட்ட இந்த மொடல் இல்லயெண்டு…"

"ஆர் சொன்ன? நேத்துத்தான் வந்து எறங்கினது. எங்கட ஆள் இரிக்கக்குள்ள நீ வெளியில வாங்கினா, வாப்பா கபுறுக்குள்ள இருந்து எழும்பி வந்து எனக்கு அடிப்பார்."

இவர் சிரித்தார். மாதம்பைக் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்த நாள் பாலாவிக்குப் போனோம். கடை வாசலுக்கு வரும்போதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "நீ வாறியெண்டு இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணினன்" என்று சொல்லிக்கொண்டே நெய்னார் இவரைக் கட்டிப்பிடித்தான். என்ஜின் இரும்புக் கட்டிலில் ஏற்றப்பட்டு, புதிதாகச் சாம்பல் பெயின்ட் அடித்து, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. சத்தம் மெத்தென்று கேட்டது.

அவர்கள் வள்ளத்துக் கதை தொடங்கினார்கள். நான் பார்த்தேன். வேலையாள் ஒருவன் வயரைச் சரிசெய்யக் கையை வைத்துவிட்டுச் சுட்டுக்கொண்டு உதறினான். இப்போதுதான் ஸ்டார்ட் பண்ணிய என்ஜின் அப்படிச் சுடாது. கீழே மண்ணில் பழைய ஒயில் வட்டமாக ஊறியிருந்தது. சுவரோரம் மூன்று ஒயில் கேன்கள் வெறுமையாகக் கிடந்தன. எல்லாம் லொறிக்கு ஊற்றும் தடித்த ஒயில். அதை ஊற்றினால் உள்ளே அடிக்கிற சத்தம் கொஞ்ச நாளைக்கு வெளியே கேட்காது. இதை எனக்குச் சொல்லித் தந்தவரே இவர்தான்.

கிட்டப் போய், "எனக்குத் தலையிடிக்கிது" என்றேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. நெய்னார்தான் பார்த்தான். "மர்ளியா, றுக்கியாக்குத் தலையிடியாம். ஒரு பெனடோல் கொண்டா."

அவன் மனைவி மர்ளியா பெனடோலும் பிளேன்ரீயும் கொண்டு வந்து, விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். நல்ல பொம்பிளை. நான் விழுங்கினேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னேன். "இன்னும் நல்லா இடிக்கிது."

"குடிச்சதுதானே, கேக்கும்" என்றார் இவர்.

அவர் என்ஜினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டிப் ஸ்டிக்கைத் தொடவில்லை. ஒயில் மூடிக்கு மேலே கை போனது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தட்டுத் தட்டினார். கையை எடுத்துவிட்டார்.

மர்ளியா கோப்பை எடுக்க உள்ளே போனதும் அவருடைய சட்டையைப் பிடித்தேன். "அது முன்னயே சூடாக்கி வச்சிருக்கி. நாளைக்கு விடிய வந்து பாப்பம். மாதம்பைக்காரன் அவனே சொன்னான்தானே."

"நெய்னார்ட வாப்பா பெட்டிய எறக்கக்குள்ள உள்ளுக்க என்ன இரிக்கெண்டு பாத்தா எறக்கினார்?" என்று மட்டும் கேட்டார்.

காசைக் கொடுத்து என்ஜினை வேனில் பூட்டி, பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று வேன் போனது. சித்தி ஸுலைஹா சாலையில் நின்று கை காட்டினாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைத்தான் முதலில் சொன்னார். மாதம் முடியும் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மழை விடியலில் வேனை ஸ்டார்ட் பண்ணும்போது, குசினியில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது, தகரத்தில் யாரோ சுத்தியலால் அடிப்பது போல. வெளியே வந்தேன். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். சூடேறியதும் சத்தம் குறைந்தது. பிள்ளைகளை ஏற்றப் போனார்.

அடுத்த கிழமை கரைத்தீவு வீதியில் பிள்ளைகளோடு வேன் நின்றுவிட்டது. நீலப் புகையில் பிள்ளைகள் இருமிக்கொண்டு இறங்கி வெயிலில் நடந்தார்களாம். அன்று பின்னேரமே அத்தாஉல்லாவின் வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. சித்தி ஸுலைஹாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நெய்னாரிடம் கேட்கப் போனோம். நானும் போவேன் என்று நின்றேன். அவன் முகம் எங்களைக் கண்டதுமே மாறியது, பிறகு சிரித்தது.

"மச்சான், என்ஜினுக்குள்ள நான் பூந்தா பாக்கேலும்? கொழும்பால எப்பிடி வந்ததோ அப்பிடியே தந்தன். நீயே பாத்துத்தானே எடுத்த?"

"ஓம். பாத்துத்தான் எடுத்தன்."

"உனக்கு என்னில சந்தேகமெண்டா, என்ட வாப்பா மேல…"

இவர் பாய்ந்து அவன் வாயைக் கையால் பொத்தினார். "வேணாம். அவர்ட பேரச் சொல்லாத. நான் நம்புறன்."

 அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மர்ளியா சோறு போட்டாள். இரண்டு பேரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். என்ஜின் என்ற சொல்லே அதற்குப் பிறகு வரவில்லை. வரும் வழியில் இவர் சொன்னார்: "அண்டைக்கே எனக்குத் தெரியும், றுக்கியா. மூடியில கை வச்சன். தெறந்தா அவன்ட முகத்துக்கு நேர கள்ளன் எண்டு சொல்ற மாதிரி. கை வரல்ல."

எனக்கு அவரைத் திட்டவும் வரவில்லை.

வேனை விற்பதென்று முடிவானது. வண்ணாத்திவில்லுப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை இவர் தடித்த ஒயில் கேன் ஒன்றோடு வந்தார். என்னைப் பார்க்காமல் அதை ஊற்றினார். வேனை ஸ்டார்ட் பண்ணி வெகுநேரம் ஓட விட்டார். சத்தம் மெத்தென்று ஆனது. பாலாவியில் கேட்ட அதே சத்தம். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

வந்தவர் சலாம் சொல்லி, எந்த ஊர் என்று விசாரித்தார். எருக்கலம்பிட்டி என்றதும் அவருடைய முகம் விரிந்தது.

"அல்லாஹ்வே, நம்மட ஊரா? என்ட உம்மாவும் அங்கதான். அப்ப நானா, இனி இதுல தெறந்து பாக்க என்ன இரிக்கி?"

அவர் உண்மையாகவே பார்க்கவில்லை. சீட்டில் ஏறி இருந்து பார்த்தார், ஹோனை அடித்துப் பார்த்தார். காசெடுக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார்.

"கொஞ்சம் இரிங்க" என்றார் இவர். என்ஜினுக்கு மேலிருந்த முன் சீட்டைத் தூக்கினார். ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் ஒயில் மூடியைத் தானே திருகி எடுத்தார். புகை குபுகுபுவென்று அந்த மனிதரின் முகத்துக்கு வந்தது.

அவர் இருமி முடித்து, புகையையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்தன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சலாம் சொல்லவில்லை.

இவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்ஜினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே நின்றது.

இப்போது அவர் அத்தாஉல்லாவின் வேனில் கதவு திறந்து மூடும் வேலைக்குப் போகிறார். அதே பிள்ளைகள்தான். எங்கள் வேன் மதிலோரம் நிற்கிறது, டயர்கள் மண்ணில் இறங்கிவிட்டன. பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் யாரும் இப்போது அவரைக் கூப்பிட வருவதில்லை. நெய்னாரின் மகளுடைய கலியாணத்துக்கு மட்டும் வந்து கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில்தான் போனோம்.