ப்ரோமோவில் இரண்டு நொடி முகம்

பாட்டு வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்தே பதினான்கு வருடமாகக் குடும்பத்தை ஓட்டியவள் அவள். தொழிலில் எல்லோருக்கும் அவள் ‘கத்திரி அக்கா’. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் முப்பது நொடி ஓடும் முன்னோட்டமாக ஒரு ப்ரோமோ வெட்டித் தருவாள். பார்த்தவர்கள் முழுப் பாட்டையும் தேடிப் போகாமல் இருக்கமாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கல்லூரியில் ஊடகவியல் படிக்கும் மகள், தன் கட்டுரையில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி லேப்டாப்பை நீட்டினாள். ப்ரோமோக்களில் ஆணையும் பெண்ணையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்பது தலைப்பு. ஒரு ப்ரோமோவை நொடிநொடியாக எண்ணியிருந்தாள். பாடகனின் முகம் பதினேழு நொடி. கூடப் பாடும் பெண்ணின் முகம் இரண்டு. மீதியெல்லாம் அவள் இடுப்பு, முதுகு, கால்.

“கழுத்துக்கு மேல இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? இத்தனைக்கும் பாட்டை எழுதினதே அவங்கதான்,” என்றாள் மகள். கேமரா யாருடைய கண்ணாக இருந்து பார்க்கிறது என்று முதலில் கேட்கவேண்டும், அதுதான் வகுப்பில் படித்த கோட்பாடாம்.

அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. போன வருடம் ஒரே மூச்சில் அவள் வெட்டிய ப்ரோமோ அது. ப்ரோமோவில் எடிட்டர் பெயர் வராது. மகளுக்குத் தெரிய வழியில்லை. கடைசிப் பத்தியைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. ‘இதை வெட்டியவர் ஓர் ஆணாகத்தான் இருக்க முடியும்’ என்று எழுதியிருந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அம்மா நினைத்தாள். முடியவில்லை. “அதைக் கட் பண்ணினது நான்தான்டி.”

விளையாட்டு என்று நினைத்து மகள் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. கோபமே இல்லாமல், “உனக்கு அது தெரியவே இல்லையா?” என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள். தெரியவில்லை என்பதுதான் உண்மை.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் பழைய ப்ரோமோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பதினொன்றாவதோடு நிறுத்திவிட்டாள். அப்படி வெட்டு என்று யாரும் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. கை தானாகப் பழகியிருந்தது.

அந்த வாரம் வந்த புதுப் பாட்டின் ப்ரோமோவை, பாடகி கண்ணை மூடி மூச்சிழுக்கும் இடத்தில் தொடங்கினாள். டைரக்டர் இரண்டு தடவை பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடாது என்றார். வழக்கமான மாதிரியிலேயே ஒன்று வெட்டித் தரச் சொன்னார். மாட்டேன் என்றாள். பக்கத்து அறை எடிட்டர் வெட்டியதுதான் வெளியே போனது. பிரமாதமாக ஓடவும் செய்தது.

இப்போது அவளுக்கு முழுப் பாட்டு வேலை மட்டும்தான் வருகிறது. வீட்டு டிவியில் ஏதாவது ப்ரோமோ ஓடினால், காய் நறுக்கும் கையை நிறுத்திவிட்டு, வெட்டியவர் யாராக இருக்கும் என்று திகைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.