அவருக்காக நான் நடந்த நடை

என் கணவரின் வலது முழங்கால் மடங்காமல் போனதற்கு நான்தான் காரணம். வைத்தியர் அல்ல. தாதி அல்ல. அவருடைய விதியும் அல்ல. நான்!

இதை அவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதுகூட, நினைப்பு இந்த இடத்துக்கு வந்தால் சட்டென்று வேறு வேண்டுதலுக்குத் தாவிவிடுவேன். உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் என்றால், பாதியிலேயே “நீர் வேணுமெண்டே செய்தனீர்?” என்று எனக்காகக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

வேண்டுமென்றேதான் செய்தேன்.

நாங்கள் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரத்தில் இருக்கிறோம். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காற்று முகத்தில் அறைந்தாலும் மழை ஊற்றினாலும் சைக்கிளில்தான் போவார். “கார் உமக்கு, சைக்கிள் எனக்கு” என்பார். அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து, மகளுக்குத் தலைவாரிவிட்டதைவிடக் கூடிய பொறுமையோடு அதைப் பார்த்துக்கொள்வார். நான் அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது அந்தச் சைக்கிள் கொட்டிலுக்குள் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

முழங்கால் தேய்ந்துவிட்டது என்று புதிய மூட்டு வைத்தார்கள். அப்போதுதான் மெத்தே எங்களிடம் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆய்வு வேலை பார்க்கும் தாதி. மகளின் வயதுதான் இருக்கும். அவள் ஒரு கறுப்புக் கைப்பட்டியைக் காட்டி விளக்கினாள்: சத்திரசிகிச்சை முடிந்தவர்களை எல்லாம் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வீட்டில் யார் நடக்கிறார்கள், யார் வலியில் சுருண்டு கிடக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது மூட்டு இறுகிப் போயிருக்கும். இந்தப் பட்டி ஒருவர் எவ்வளவு நடக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லும். குறைவாக நடப்பவர்களின் வீட்டுக்கு, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பிசியோவை அனுப்புவோம். அப்படிச் செய்தால் கால்கள் தப்புமா என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்…

அவருக்குத் தொழிற்சாலை டேனிஷ்தான் வரும். ஆஸ்பத்திரி டேனிஷ் பிடிபடாது. ஆகவே நான்தான் மொழிபெயர்த்தேன். “எவ்வளவு நடக்கிறீங்கள் எண்டு பாக்கப் போயினமாம்” என்று மட்டும் சொன்னேன். பிசியோ வருகிற கதையைச் சொல்லவில்லை. அதை நான் மறைக்கவில்லை அப்போது… தேவைப்படாது என்று நினைத்தேன். என் கணவரைப் பார்க்க நான் இருக்கிறேனே!

நான் யார் தெரியுமா? முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இடுப்பு உடைந்தவர்களையும், புதிய மூட்டு வைத்தவர்களையும் மறுநாளே எழுப்பி, கையைப் பிடித்து நடத்துகிறவள். “எழும்புங்கோ, கொஞ்சம் நோகும், நடந்தால்தான் சரிவரும்” என்று டேனிஷில் நாள் முழுக்கச் சொல்லுகிறவள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன்? அவரைக் கிடத்தினேன். காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கு வைப்பதுபோல மிளகு, சீரகச் சரக்கு அரைத்துக் கறி வைத்தேன், சோறு குழைத்து ஊட்டாத குறை. அவர் காலை மடக்கப் பார்த்து “ஆ” என்றால் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்வேன். “இஞ்சாருங்கோ, விடுங்கோ. வெட்டின காயம் ஆறவேணும். படுங்கோ” என்பேன். டேனிஷ்காரரின் காலுக்கு ஒரு நியாயம், என் மனுசனின் காலுக்கு வேறு நியாயம். எங்கள் வீடுகளில் சுகமில்லாதவரை அசையவிடாமல் பார்ப்பதுதான் அன்பு. நான் படித்த படிப்பெல்லாம் வாசலில் சப்பாத்தோடு கழன்றுவிட்டது.

முதல் கிழமை முடிய மெத்தே தொலைபேசியில் கூப்பிட்டாள். உங்கள் கணவர் நாதன் மிகக் குறைவாக நடக்கிறார், இப்படியே போனால் பிசியோ வருவார், பயப்பட வேண்டாம், இதற்காகத்தானே ஆய்வு என்றாள். அவள் எவ்வளவு தன்மையாகச் சொன்னாள் என்பது இப்போது விளங்குகிறது. அன்று எனக்குச் சுருக்கென்றது. என் வேலையே இதுதான், என் வீட்டுக்கு இன்னொருத்தி வந்து என் கணவரை எழுப்பி நடத்துவதா? எங்கள் ஆட்கள் வீட்டில் சும்மா படுத்துக் கிடப்பவர்கள் என்று எழுதி வைப்பார்களே!

அடுத்த நாள் நடந்தது தற்செயல். அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது பட்டியைக் கழற்றினேன். தொலைந்துவிடும் என்று என் கையில் மாட்டினேன். அப்படியே வேலைக்குப் போய்விட்டேன். இதுவரைக்கும் என்னை நீங்கள் மன்னிக்கலாம்.

மெத்தே மறுபடி தொலைபேசி எடுத்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோசம். “என்ன செய்தீர்கள்? நேற்று அவர் அருமையாக நடந்திருக்கிறார்!”

நான் சிரித்தேன். “கொஞ்சம் உற்சாகப்படுத்தினேன்” என்றேன்.

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், மிகவும் பிடித்திருந்தது. அடுத்த நாள் காலையில் அவர் நித்திரையாக இருக்கும்போது பட்டியைக் கழற்றினேன். அதற்கடுத்த நாளும். “உதென்ன, கொண்டுபோறீர்?” என்று ஒருநாள் அரைக்கண்ணில் கேட்டார். “கையில கிடந்தால் வீங்கும். நான் வைச்சிருக்கிறன்” என்றேன். “ஓம், ஓம்” என்று திரும்பிப் படுத்துவிட்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியாது.

வேலையிடத்தில் எல்சே என்று ஒரு மூதாட்டி. என் கையைப் பிடித்துக்கொண்டு நடைகூடத்தில் நடக்கும்போது பட்டியைத் தட்டிக் கேட்டார், புது மணிக்கூடா என்று. என் கணவருடையது என்றேன். “எவ்வளவு அன்பு” என்றார் எல்சே. அவரோடு நான் நடந்த நடையெல்லாம் ஆஸ்பத்திரியின் கணினியில் என் கணவரின் பெயரில் போய்ச் சேர்ந்தது. எல்சேயின் கால் நாளுக்கு நாள் தேறியது. வீட்டில் என் மனுசனின் கால் தலையணைமேல் இறுகிக்கொண்டிருந்தது.

பிசியோ வரவில்லை. ஏன் வரவேண்டும்? அவர்தான் அருமையாக நடக்கிறாரே…

பரிசோதனை நாளில் வைத்தியர் அவருடைய காலை மெதுவாக மடக்கினார். பாதியில் நின்றுவிட்டது. வைத்தியர் திரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இவ்வளவு நடந்தவருக்கு இப்படி வரக்கூடாதே என்றார். படம் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். கிருமியா, மூட்டில் பிழையா என்று தேடினார்கள். கடைசியில் மயக்கம் கொடுத்து, காலைப் பலவந்தமாக மடக்கிப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்தபோது அவர் வலியில் அழுதார். அவரை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. நான் அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வசனம் போதும் எனக்கு. ‘பட்டி என் கையில் இருந்தது.’ அவ்வளவுதான். வாய்க்குள் வந்தது, விழுங்கிவிட்டேன்.

எதற்குப் பயந்தேன்? வேலை போய்விடும் என்றா? அல்லது அவருடைய முகத்துக்கா? இரண்டுக்கும்தான். அவருடைய முகத்துக்குத்தான் அதிகம் பயந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் உண்மையா என்று எனக்கே தெரியாது.

அதன்பிறகும் வெகுநாள் பிசியோவிடம் போனார். கால் கொஞ்சம் இளகியது, சைக்கிள் மிதிக்கும் அளவுக்கு இல்லை. இப்போது ஊன்றுதடி. கோயிலில் எல்லோரும் நிலத்தில் இருக்க, இவர் பின்னால் கதிரையில் இருப்பார். யாராவது கேட்டால், “இவங்கள் வெட்டிப்போட்டு விட்டிட்டாங்கள், ஒருத்தரும் வீட்ட வந்து பாக்கேல்லை” என்பார். அதைக் கேட்டே எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டித் திரிகிறார். இவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன்.

இந்த வசந்தத்தில் மெத்தே எங்களை அழைத்தாள். ஆய்வு முடிந்துவிட்டது, பங்குபற்றியவர்களுக்கு நேரில் நன்றி சொல்ல விரும்புகிறோம் என்றாள். எங்களைத் தனியாக ஒரு சின்ன அறையில் இருத்தி, கோப்பி ஊற்றி, தானே செய்த கேக்கை வெட்டித் தந்தாள்.

ஆய்வு நன்றாக முடிந்திருக்கிறது. நடக்காதவர்களைப் பட்டி நேரத்தோடு காட்டிக் கொடுத்ததாம். பிசியோ போன வீடுகளில் கால்கள் தேறிவிட்டனவாம். இனி அந்த வார்டில் மூட்டு மாற்றும் எல்லோருக்கும் பட்டி உண்டாம். நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். பிசியோ என்ற சொல் வந்த இடத்தில் என்னைப் பார்த்தார். “எங்களுக்கு ஏன் வரேல்லையாம்?”

நான் அதை மெத்தேயிடம் கேட்டேன். கேட்கத்தான் வேண்டியிருந்தது.

மெத்தே கோப்பையை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னாள். “உங்கள் எண்கள் நன்றாக இருந்தன, நாதன். நாங்கள் எண்களை நம்பிவிட்டோம். உங்களை வந்து பார்த்திருக்க வேண்டும். உங்கள் காலைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். உங்களால்தான் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். எண் நன்றாக இருந்தாலும் எல்லோருடைய வீட்டுக்கும் ஒருமுறையாவது ஆள் போகும். ஆனால் உங்களுக்கு அது பிந்திவிட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.”

அவளுடைய கண் கலங்கியிருந்தது. மொழிபெயர்க்கச் சொல்லி என் பக்கம் திரும்பினாள்.

என் பொய்யால் ஒரு நல்லது நடந்ததே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. தயவுசெய்து அந்தக் கதவைத் திறக்காதீர்கள், நான் ஓடிப்போய் உள்ளே இருந்துவிடுவேன்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவள் சொன்னது அத்தனையையும் தமிழில் சொன்னேன். கடைசியில், “பிழை விட்டாச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. அந்தச் சொற்களை இத்தனை நாளும் தனியே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அவர் முன்னால் வாய்க்கு வந்ததில்லை. வந்தபோது அவர் மெத்தேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவளுடைய கையைத் தட்டிக் கொடுத்தார். “பரவாயில்லைப் பிள்ளை” என்று தமிழிலேயே சொன்னார். மெத்தேக்கு விளங்கிவிட்டது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மன்னித்துவிட்டார். அவளை!

கார் நிறுத்தும் இடம்வரை ஒரு கையால் தடியை ஊன்றி, மறுகையை என் தோளில் வைத்து நடந்தார். வெகுநாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. “என்ர காலால மற்ற ஆக்களுக்கு ஒரு பிரயோசனம் வந்திருக்கு, என்ன?” என்றார். “ஓம்” என்றேன். இனி ஆஸ்பத்திரியைக் குறைசொல்ல மாட்டாராம். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்ட அந்த மனிதரையும் போகச் சொல்லப்போகிறாராம்.

காரில் ஏறி, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு யோசித்தார்.

“பாவம் அந்தப் பிள்ளை, அழுதிட்டுது. அவவில ஒரு பிழையுமில்லை. ஒருக்காப் போன் எடுத்து அதைச் சொல்லிவிடும்.”

“ஓம். சொல்லுறன்” என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது கேட்கிறார், போன் எடுத்தீரோ என்று. இன்னும் எடுக்கவில்லை…