தரமணியில் ஒரு பிடி அரிசி

சென்னையில் வீட்டுக் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருக்கும். இரும்புக் கம்பிக் கதவு. மணியை அடித்தால் உள்கதவு திறக்கும், கம்பிக் கதவு திறக்காது. கறிவேப்பிலை கொடுப்பதும் சுகம் விசாரிப்பதும் சண்டை பிடிப்பதும் கம்பிக்கு ஊடாகத்தான். வவுனியாவிலிருந்து வந்து இந்த இந்திரா நகர்க் குடியிருப்பில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அது பழகவில்லை. போன ஆடிச் செவ்வாய் அந்தக் கம்பிகளுக்கு முன்னால் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றேன். ஏன் என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடிப்பிச்சை. நோய் தீர்ந்தால் வீடு வீடாக அரிசி ஏந்தி, அதைப் பொங்கி அம்மாளுக்குப் படைக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். எங்கள் பக்கம் ஒரு பெண் மடியோடு வாசல் படலையில் வந்து நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அரிசியைப் போட்டுவிட்டு, "அம்மாளாச்சி பாத்துக்கொள்ளுவா" என்பார்கள். அவ்வளவுதான்.

என் மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பதாக முடிவானது. அதற்கு முதல் நாள் நிவேதா என்றொரு பிள்ளை வந்தாள். ஆராய்ச்சி செய்கிறவள். எடுக்கிற கட்டியில் ஒரு சிறு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டாள். "வேண்டாம்னாலும் ஒண்ணுமில்ல ஆன்ட்டி, உங்க ட்ரீட்மென்ட்ல எதுவும் மாறாது" என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஊரில் வெட்டி எடுத்ததை மண்ணில் புதைப்பார்கள், இங்கே படிப்புக்கு எடுக்கிறார்கள், எறியப் போகிற சாமான்தானே என்று சம்மதித்தேன். அது உயிரோடு இருக்கும் என்பதையும் அவள் சொல்லித்தான் இருப்பாள். இருந்த பயத்தில் அது எனக்குள் இறங்கவில்லை.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி, பிறகு முளைத்தது. "இப்போ ஒண்ணும் இல்லம்மா, செக்கப்புக்கு மட்டும் வந்தா போதும்" என்றார் டாக்டர். நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். நடைவழியில் நிவேதா ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி! உங்க செல்ஸ் சூப்பரா வளருது!"

"என்ன வளருது பிள்ளை?"

"உங்க கட்டியிலேருந்து எடுத்தோமே, அதுதான். நிறைய பேரோடது லேப்ல வெச்சதுமே செத்துடும். உங்களோடது எங்க தரமணி லேப்ல ஜம்முனு இருக்கு."

"அப்ப, டொக்டர் போயிட்டுது எண்டு சொன்னவர்?"

"உங்க உடம்புல இல்ல ஆன்ட்டி. திரும்பி உங்ககிட்ட வராது. அது மேல விதவிதமா மருந்து போட்டு எதுக்கு அடங்குதுன்னு பாக்கறோம். நீங்கதான் கோயிலுக்கெல்லாம் போவீங்களே, அது சாகாம இருக்கணும்னு வேண்டிக்கோங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதை அழித்துவிடு தாயே என்று எத்தனை வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் அம்மாளின் காலடியில் கிடந்தேன். அதே வாயால் இது வாழட்டும் என்று எப்படிக் கேட்பது? அது வாழ்ந்தால்தான் இன்னொருத்திக்கு மருந்து கிடைக்கும் என்கிறாள். அப்படியானால் நான் கேட்டது பிழையா?

மகள் தர்சினியிடம் கேட்டேன். இங்கேயே பிறந்தவள், பதினொன்றாம் வகுப்பு.

"ஐயே, அது நீ இல்லம்மா. வெறும் செல்லு."

"அப்ப அது ஆர்?"

"யாரும் இல்ல. முடி வெட்டிக்கினா, அந்த முடி நீயா?"

"வெட்டின தலைமயிர் பிறகும் வளருதோ?"

அவள் பேச்சை மாற்றினாள். அவளுடைய பள்ளிக்கும் ஆராய்ச்சிக்காரர் வந்தார்களாம். இந்த வயதுப் பிள்ளைகள் ஏன் கோபப்படுகிறார்கள், எவ்வளவு நேரம் போன் பார்க்கிறார்கள் என்று கேட்டு எழுதிப் போனார்களாம். "நாங்க எல்லாம் சும்மா அட்ச்சி வுட்டோம். உன் கட்டியாச்சும் உண்மைய சொல்லும்" என்றாள்.

"டொக்டர் இல்லை எண்டால் இல்லை. பேசாமல் நேர்த்தியைச் செய்" என்றார் என் கணவர். அவர் தி.நகரில் ஒரு துணிக்கடைக் கிடங்கில் வேலை செய்கிறார், எதையும் நீட்டிப் பேச மாட்டார். ஆனால் நோய் தீர்ந்தால் என்றல்லவா நேர்ந்தேன்? அது தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்களைப் போலவே, பிறந்த இடத்தை விட்டு வேறொரு இடத்தில் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறது. தீர்ந்தது என்று பொங்கினால் அம்மாளிடம் பொய் சொன்னதாகும். பொங்காமல் விட்டாலோ, சுகம் தந்தவளுக்கு நன்றி கெட்டவளாவேன். கடைசியில், அது இருக்கிற இடத்திலும் மடியேந்தி, அந்தத் தரமணி அரிசியும் பானையில் சேர வேண்டும் என்று முடிவெடுத்தேன். அது சரியா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

செவ்வாய் காலை எதிர்வீட்டு மாமி கம்பிக்குப் பின்னால் திகைத்து நின்றாள். "என்னடி இது கோலம்? ஆத்துல அரிசி இல்லேன்னா சொல்லப்படாதோ?" நேர்த்தி என்று சொல்லி முடிப்பதற்குள், கையில் ஒரு பை அரிசியும் தட்டில் அடையுமாக வந்து கம்பிக் கதவையே திறந்துவிட்டாள். "எதுவா இருந்தா என்ன, மொதல்ல சாப்பிடு." கீழே வாட்ச்மேன், "இன்னாம்மா, சாரு வேலய உட்டுட்டாரா?" என்றார். மாமி மாடியிலிருந்தே விளக்கம் சொல்ல, அவரும் தன் அரிசியிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து போட்டார்.

பிறகு பறக்கும் ரயிலில் தரமணி. ஆபீஸ் பஸ்கள் வரிசையாக நிற்கும் தெருவில், பெரிய கண்ணாடிக் கட்டடத்தின் கேட்டில் மடியை ஏந்தி நின்றேன். "மானமே போவுதும்மா" என்று தர்சினி நிவேதாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். வெள்ளைக் கோட்டோடு நிவேதா வந்தாள். கையில் காகிதக் குவளை நிறைய அரிசி. "கேன்டீன் அக்காகிட்ட கேட்டு வாங்கினேன், ஆன்ட்டி."

"அதுக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது, பிள்ளை?"

"நான்தான். லீவு நாள்லயும் வந்து வெச்சிட்டுப் போவேன்."

அவள் குவளையைச் சரிக்கப் போனாள். நான் மடியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தேன். எங்கள் வழக்கத்தில் சொந்த வாசலில் ஏந்துவதில்லை; உள்ளே இருப்பதும் நான்தானோ? அவளுக்கும் என்ன தோன்றியதோ, கை நின்றது.

"ஆன்ட்டி, மேல லேப்ல இருக்கறது உங்களோடதுதானே? நான் போட்டா சரியா வருமா?"

அம்மாளாணை, எனக்குத் தெரியவில்லை. குவளையை அவளையே பிடித்திருக்கச் சொன்னேன். கேட்டுக்கு உள்ளே வலக்கையை நீட்டி ஒரு பிடி அள்ளினேன். இடக்கை முந்தானையை விரித்துப் பிடித்திருந்தது. வாசலுக்கு உள்ளேயிருந்து ஒரு கை போட்டது. வெளியே நின்று மற்றக் கை வாங்கிக்கொண்டது.