அம்மா கேட்டு வாங்கிய சைக்கிள்

அம்மா பிறந்த ஊரான பிரம்மதேசத்தில் தாத்தாவின் காரியம் முடிந்து, மாமாக்கள் இருவரும் நிலத்தையும் வீட்டையும் பிரித்துக்கொண்டபோது, உனக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அம்மா மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம் கையைக் காட்டி, "அந்த சைக்கிளு போதும்" என்றாள். மாமாக்கள் சிரித்துவிட்டார்கள். பெரிய மாமா தாராள மனதோடு அதை பஸ் கூரையில் ஏற்றிவிட ஓர் ஆளையும் அனுப்பிவைத்தார்.

தாத்தா ஓட்டிய சீமை சைக்கிள் அது. கம்பி பிரேக், தோல் சீட்டு, ஆள் உயரம். பல வருடமாகச் சாணி ஈரத்தில் கிடந்ததில் சக்கரங்கள் சுற்றவில்லை, செயின் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. மரக்காணத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்து சேர்ந்ததும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத தொடணும்னாகூட முதல்ல ஊசி போட்டுக்கணும்."

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. உப்பளம் முழுக்க வெள்ளம். பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. உப்பு வாரப் போகும் அம்மாவுக்கும், லாரியில் மூட்டை ஏற்றப் போகும் அப்பாவுக்கும் வேலை இல்லை. அப்பா தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

காசு கொடுத்து எதையும் வாங்க வழியில்லை. ரேஷன் மண்ணெண்ணெயில் பாதி செயினுக்குப் போனது. இறுகிய நட்டுகளை விளக்குத் தீயில் காட்டி, எண்ணெய் விட்டு, விடியும்வரை ஊறவைத்து, காலையில் தட்டித் தட்டித் திருப்புவாள். துருவைச் செங்கல் தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தது நான்தான். வெடித்த தோல் சீட்டுக்குத் தினமும் விளக்கெண்ணெய். பின் ரிம் மட்டும் தேறாது என்று தெரிந்ததும், பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பார்த்துவைத்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரங்களில் திடீர் திடீரென்று ஓட்டை விழுந்தது. ஓட்டைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா அவற்றைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, ரிம்மோடு திரும்பிவந்தாள்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்குக்கட்டியை அசையாமல் பிடிக்கச் சொல்வாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டால், கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழும். அங்கே கம்பியை முறுக்கி, கோட்டை அழித்து, மறுபடி சுற்றுவாள். கோடே விழாத அன்றைக்கு என் கன்னத்தைக் கிள்ளினாள். பெயிண்ட் மீனவர் குப்பத்திலிருந்து வந்தது. படகுக்குப் பூசி மிஞ்சிய நீலம், ஒரு கொட்டாங்கச்சி நிறைய.

இவ்வளவும் எனக்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வருடம் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், தூரம். அப்பாவும் அப்படித்தான் சொன்னார்: "உங்கம்மா உனக்குத்தான் பண்ணுது." அம்மா அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து வாசலில் நிறுத்தியிருந்தபோது, குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்தும் ஒருவர் அந்த வழியாகப் போனவர், வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிவந்தார். அவருடைய விடுதியில் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சைக்கிள் என்றால் உயிராம். மணியை அடித்துப் பார்த்தார், சீட்டைத் தடவிப் பார்த்தார்.

"இத எங்கிட்ட குடுத்துடுங்கம்மா. பாப்பாவுக்குப் புது லேடீஸ் சைக்கிள் வாங்கித் தர்றேன். முன்னாடி கூடை வச்சது."

கூடை என்ற சொல்லைக் கேட்டதும் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் முகமும் மலர்ந்துவிட்டது. அம்மா மட்டும், "யோசிச்சு சொல்றேங்க" என்றாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. உப்பளத்துக்குப் போகும்போது புடவைமேல் போடும் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகி, அம்மா சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளினாள். நாலடி தள்ளிக்கொண்டே போனவள், பெடலில் ஒரு காலை வைத்து, மறுகாலைப் பின்னாலிருந்து வீசிப் போட்டு ஏறினாள். ஒரு ஆட்டமில்லை. உப்பளத்து வரப்புப் பாதையில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுக்க, நேராகப் போய்க்கொண்டே இருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வெளியே வந்து நின்றார்கள். அப்பா வாயில் வைத்த பீடியைப் பற்றவைக்கவே இல்லை.

உச்சிவேளைக்குத்தான் வந்தாள். முடி கலைந்து, முகம் சிவந்து, முழங்கால்வரை சேறு.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றார் அப்பா.

"நீங்க கேட்டதே இல்லியே."

"எங்க கத்துக்கிட்ட?"

"இதுலதான். வயசுக்கு வர்ற வரைக்கும் ஊரெல்லாம் ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் தொடக் கூடாதுன்னுட்டாங்க. அண்ணனுங்க ஓட்னாங்க. நான் தொடச்சு வச்சேன்."

அப்பா சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு, "எதுவரைக்கும் போன?" என்று மெல்லக் கேட்டார்.

"பிரம்மதேசம் ஏரிக்கரை வரைக்கும். ஊருக்குள்ள போகல." செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். "அந்த விடுதிக்காரருகிட்ட இல்லன்னு சொல்லிடுங்க."

நான் அழுதேன். தரையில் உருண்டு அழுதேன். துரு தேய்த்த கையை நீட்டிக் காட்டி, எனக்குத்தானே செய்தாய், என்னைக் கேட்காமல் எப்படி இல்லை என்று சொல்லலாம் என்று கத்தினேன். அப்பா என்னைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். "அவங்க இஷ்டம்டி" என்றார். அவர் அம்மாவை அவங்க என்று சொன்னதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் முகத்தைத் துடைத்தாள்.

"உனக்கு வேற வாங்குவோம். கண்டிப்பா வாங்குவோம். இது என்னுது."

பொங்கலுக்குப் பிறகு உப்பளம் திறந்தது. அம்மா அந்த நீலச் சைக்கிளில்தான் வேலைக்குப் போனாள். பின்னால் கேரியரில் உட்கார்ந்து நான் பாதி வழிவரை போவேன், பேசாமல். அவள் என்ன கேட்டாலும் முதுகைப் பார்த்துக்கொண்டு உம் என்பேன். அப்பாவின் தட்டு, அப்பாவின் நாற்காலி, என் புத்தகப் பெட்டி என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அம்மாவுடையது என்று எதையும் யாரும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. முதல் தடவையாக அவள் இது என்னுது என்று சொன்னபோது, உன்னுது இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.